பத்துப் போத்தலுக்கு ஒரு தேக்கரண்டியா?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வீட்டில் நெல்லிக் கோர்டியல் (தண்ணீர் விட்டுக் குடிக்கிற இனிப்புச் சாறு), விளாம்பழ ஜாம், தேசிக்காய் ஊறுகாய் மூன்றும் செய்து மட்டக்களப்பு டவுனில் இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறாராம். ஜாமும் ஊறுகாயும் பிரச்சினை இல்லை, கோர்டியல்தான் மூன்றாம் கிழமை நுரைத்துக்கொண்டு மூடியைத் தள்ளுகிறது. தெரிந்த ஒருவர், "பத்துப் போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி சோடியம் பென்சோயேற் போடு, ஆறு மாதத்துக்கு அசையாது, மூன்றுக்கும் அதே அளவுதான்" என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர், அது புற்றுநோய் வரவைக்கிற நஞ்சு, தொடவே தொடாதே என்கிறார். சாமான் பழுதாகாமல் வைக்கிற அந்தப் பொடியைப் போடலாமா, போட்டால் எவ்வளவு, பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தால் பிடிப்பாரா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, முதலாமவர் சொன்னது அளவே இல்லை, அதைப் பிறகு நிறுத்துக் காட்டுகிறேன். இரண்டாமவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த உண்மை பொடிக்குள் இல்லை, உங்கள் நெல்லிக்காய்க்குள் இருக்கிறது. நான் பதினொரு வருடம் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இந்தப் பொடியை நிறுத்து நிறுத்துக் கொட்டியவன், இப்போது கல்முனைப் பக்கம் வீட்டோடு இருக்கிறேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் இது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் காட்டுகிற சாம்பிராணி இருக்கிறதே, அசல் சாம்பிராணி, சுமாத்திரா பக்கத்து மரத்தின் பிசின், அதைச் சூடாக்கினால் ஆவியாகிப் பூப்பூவாகப் படிகிற வெள்ளைப் பொருள்தான் பென்சோயிக் அமிலம். அரபிக்காரர் அந்தப் பிசினை லுபான் ஜாவி, அதாவது ஜாவா சாம்பிராணி என்றார்கள், அந்தப் பெயர் வாய்மாறி வாய்மாறித்தான் பென்சோயின் ஆனது, பென்சீன் என்ற பெயரும் அதே வழியில் வந்ததுதான். இன்றைக்குச் சந்தையில் வருவது மரத்தில் இருந்து அல்ல, பெற்றோலிய வழியில் கிடைக்கிற தொலுயீனில் இருந்து செய்வது. ஆனால் மூலக்கூறு அதேதான். பென்சோயிக் அமிலம் தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும், ஒரு லீட்டரில் மூன்றரைக் கிராம் கரைந்தாலே பெரிய விடயம். அதைச் சோடியம் உப்பாக மாற்றினால் அதே லீட்டரில் அறுநூறு கிராமுக்கு மேல் கரையும். கடையில் வாங்குவது அந்த உப்பைத்தான். லேபிளில் 211 என்ற இலக்கத்தைக் கண்டால் இவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐரோப்பியப் பொருளில் அதற்கு முன்னால் ஒரு ஈ எழுத்து இருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம்முடைய ஆட்கள் பெருமையாகச் சொல்கிற மட்டக்களப்புச் சட்டித் தயிரிலேயே பென்சோயிக் அமிலம் இருக்கிறது. யாரும் போடவில்லை, தானாக வந்தது. புல் தின்கிற மாட்டின் பாலில் ஹிப்பூரிக் அமிலம் என்று ஒன்று கொஞ்சம் இருக்கும், பாலைத் தயிராக்குகிற பற்றீரியா அதை உடைத்துப் பென்சோயிக் அமிலமாக்கிவிடும். கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான், ஆனாலும் இருக்கிறது. கறுவாவிலும் கராம்பிலும்கூட உண்டு. நாம் சாப்பிட்ட பென்சோயிக் அமிலத்தை நம்முடைய ஈரல் கிளைசீன் என்ற அமினோ அமிலத்தோடு கட்டி, மறுபடி அதே ஹிப்பூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும், சில மணித்தியாலத்தில் பெரும்பகுதி வெளியே போய்விடும். உடம்புக்குத் தெரியாத புதுச் சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன், அள்ளிக் கொட்டலாம் என்பதற்காக அல்ல.

சரி, இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனமாக வாசியுங்கள், மற்றதெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. பென்சோயேற் தனியே எந்தக் கிருமியையும் ஒன்றும் செய்யாது. புளிப்பான இடத்தில் அது மறுபடி பென்சோயிக் அமிலமாக மாறும், அந்த அமிலம்தான் ஈஸ்ட்டின், அதாவது சீனியை நொதிக்கவைத்து நுரை தள்ளுகிற நுண்ணுயிரின், தோலைக் கடந்து உள்ளே போய் அதன் உள்சூழலைப் புளிக்கவைக்கும், ஈஸ்ட் தன் சக்தியையெல்லாம் அந்தப் புளிப்பை வெளியே தள்ளவே செலவழித்துவிட்டுப் பெருகமுடியாமல் கிடக்கும். எவ்வளவு புளிப்பு என்பதைப் பி.எச். இலக்கம் சொல்லும், குறையக் குறையப் புளிப்புக் கூட. பி.எச். 3 என்றால் போட்டதில் நூற்றுக்கு 94 பங்கு வேலை செய்கிற வடிவத்தில் இருக்கும், 4 என்றால் 60, 5 என்றால் வெறும் 13, 6க்குப் போனால் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இளநீரிலோ பாலிலோ மீனிலோ இதைப் போடுவது காசைத் தண்ணீரில் கரைப்பதுதான். மீனுக்கு இதை அடிக்கிறார்கள் என்று கல்முனைச் சந்தையில் ஒருவர் என்னோடு சண்டைக்கே வந்தார், நான் சொன்னேன், அண்ணன், மீனின் பி.எச். ஆறரைக்குப் பக்கம், அடித்தாலும் அது அங்கே சும்மாதான் இருக்கும், உங்கள் பயம் போமலின், அது வேறு சாமான், அது உணவில் இருக்கவே கூடாதது, இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள் என்று. அவர் கேட்டாரா என்றால் இல்லை.

அப்புறம், இது கிருமியைக் கொல்கிற மருந்து இல்லை, வளரவிடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். போத்தல் கழுவாமல், சட்டியைத் திறந்துபோட்டு, நொதித்துத் தொடங்கிய பிறகு பொடியைப் போட்டால் அது ஒன்றையும் காப்பாற்றாது. ஈஸ்ட் வகையில் சிலது இதற்குப் பழகியும் விடும், சீனிக் கரைசலிலேயே வாழ்கிற ஒரு சாதி இருக்கிறது, குறைந்த அளவு பென்சோயேற்றில் அது ஊறுகாய்க்குள் கிடக்கிற பச்சைமிளகாய் மாதிரிச் சுகமாக இருக்கும். உங்கள் மூடியைத் தள்ளுகிறவர் அவராகவும் இருக்கலாம்.

இப்போது தேக்கரண்டிக்கு வருவோம். உங்கள் கேள்வியை வாசித்த அன்று பின்னேரம் வீட்டில் இருந்த பொடியை எடுத்து, நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரிச் சின்னத் தராசில் ஒரே கரண்டியால் மூன்று பேர் அள்ளிப் பார்த்தோம். மனைவி விளிம்போடு தட்டி அள்ளியது 2.6 கிராம். நான் அள்ளியது மூன்றரை. மகன், "ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டி" என்று குவித்து அள்ளியது 5.4. ஒரே வீடு, ஒரே கரண்டி, ஒரே பொடி, இரண்டு மடங்கு வித்தியாசம்.

இதை உங்கள் போத்தலில் வைத்துப் பாருங்கள். ஜாம் போத்தல் 350 கிராம் என்றால் பத்துப் போத்தல் மூன்றரைக் கிலோ. சட்ட வரம்புகள் பெரும்பாலும் பென்சோயிக் அமிலமாகக் கணக்கிட்டுத்தான் சொல்லப்படும், நாம் போடுவதோ சோடியம் உப்பு, ஆகவே உப்பின் நிறையை 1.18ஆல் வகுக்கவேண்டும், இதைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். மகனின் கரண்டி ஜாமில் கிலோவுக்கு 1300 மில்லிகிராமுக்கு வந்து நிற்கிறது. உலக அளவில் உணவுத் தரம் வகுக்கிற கோடெக்ஸ் ஆணைக்குழு ஜாமுக்கு வைத்திருக்கிற உச்சம் 1000. ஆக வரம்பு தாண்டியாயிற்று. அதே முறையில் கோர்டியல்: 750 மில்லிலீட்டர் போத்தல் பத்து, சீனிப்பாகு கனம் என்பதால் ஒன்பது கிலோவுக்கு மேல் வரும். மனைவியின் கரண்டி அதில் கிலோவுக்கு 235 மில்லிகிராம் அளவில் கரைந்து காணாமல் போகும், முன்னே சொன்ன அந்தப் பிடிவாதக்கார ஈஸ்ட்டுக்கு அது ஒரு தடையே இல்லை. ஒரே ஆலோசனை ஒரு இடத்தில் சட்டத்தை மீறவைக்கிறது, இன்னொரு இடத்தில் போத்தலை வெடிக்கவைக்கிறது. அதனால்தான் அதை அளவே இல்லை என்றேன். 0.1 கிராம் காட்டுகிற தராசு ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இல்லை. கூடவே பி.எச். தாளும் வாங்குங்கள். பி.எச்.ஐ. வருமுன்னர் பி.எச். பார்க்கவேண்டும் என்று நான் பொடியன்களுக்குச் சொல்வேன், அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அந்த வரம்புகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், சண்டையில் இருந்துதான் வந்தன. 1902இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்து இரசாயனவியலாளர் ஹார்வி வைலி, இளந்தாரிகள் ஒரு பன்னிரண்டு பேரைச் சேர்த்து, சாப்பாட்டோடு நற்காப்புப் பொருட்களை, அதாவது உணவு பழுதாகாமல் வைக்கிற சாமான்களை, கொடுத்து என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். பத்திரிகைகள் அவர்களுக்கு நஞ்சுப் படை என்று பெயர் வைத்தன. பென்சோயேற் கூடாது என்பது வைலியின் முடிவு. தக்காளி சோஸ் செய்கிற கம்பனிகள் கத்தின, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேறொரு விஞ்ஞானிகள் குழுவை அமைத்தார், 1909இல் அந்தக் குழு சின்ன அளவில் தீங்கில்லை என்றது. அந்த நாட்டில் இன்றைக்கும் உள்ள 0.1 வீதம் என்ற உச்சவரம்பு அந்தக் காலத்துச் சண்டையின் வால்தான். ஐரோப்பாவில் குளிர்பானத்துக்கு லீட்டருக்கு 150 மில்லிகிராம், கோடெக்ஸில் அதே வகைப் பானத்துக்குக் கிலோவுக்கு 250. 

உடம்புக்கு எவ்வளவு என்பது வேறு கணக்கு. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க நாளாந்தம் உட்கொண்டாலும் பயமில்லாத அளவு, உடல் நிறையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2021இல் உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு அதை 20 ஆக உயர்த்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016இல் மீளாய்வு செய்தும் 5இலேயே நின்றது. எனக்கு அந்தப் பழைய 5ஐ வைத்துப் பார்ப்பதுதான் பிடிக்கும், ஏனென்றால் அது பிள்ளைகளை நினைக்கவைக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம், அதைத் தொடுவது கஷ்டம். ஆனால் 15 கிலோ பிள்ளைக்கு 75தான். லீட்டருக்கு 250 போட்ட பானத்தில் 300 மில்லிலீட்டர் குடித்தால் சரியாக அந்த 75 வந்துவிடும், ஒரு சின்னப் போத்தல், அவ்வளவுதான். கந்தூரிக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒரு நாள் குடிப்பதால் ஒன்றும் ஆகாது, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் குடிக்கிற பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறேன். 2007இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிள்ளைகளுக்குச் செயற்கை நிறங்களையும் பென்சோயேற்றையும் கலந்து கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு ஓரிடத்தில் இருக்கமுடியாத துருதுருப்புக் கூடியது. கலந்து கொடுத்ததால் எதனால் என்று பிரிக்கமுடியவில்லை, ஐரோப்பா 2010இல் நிறங்கள் ஆறுக்கு மட்டும் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கியது. ஆஸ்மா, தோலில் தடிப்பு உள்ள சிலருக்குப் பென்சோயேற் ஒத்துக்கொள்ளாது, அதற்காகத்தான் லேபிள்.

இனி அந்தப் புற்றுநோய்க் கதை. பென்சோயேற்றும் வைற்றமின் சியும் ஒன்றாக இருக்கிற பானத்தில், செம்பு, இரும்பு துளியளவு இருந்து, வெப்பமும் வெளிச்சமும் பட்டால், கொஞ்சம் பென்சீன் உண்டாகும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. குளிர்பானக் கம்பனிகளுக்கு இது 1990 வாக்கிலேயே தெரியும், 2005, 2006இல் மறுபடி கிளம்பி அமெரிக்காவில் கடைக் குளிர்பானங்களைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் இல்லாத மாதிரி, கொஞ்சத்தில் குடிதண்ணீர் வரம்புக்கு மேல், அந்தக் கம்பனிகள் செய்முறையை மாற்றின. உலக சுகாதார அமைப்பு குடிதண்ணீரில் லீட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை வைத்திருக்கிறது, அந்த அளவைச் சுற்றித்தான் இந்தக் கதை முழுவதும் நடக்கிறது, கிராம் கணக்கில் இல்லை. ஆனாலும் தங்கச்சி, உங்கள் சாமானைப் பாருங்கள். நெல்லிக்காய், வைற்றமின் சிக்குப் பேர்போன காய். பழைய செம்புச் சட்டியில் காய்ச்சினால் செம்பும் சேரும். அப்புறம் அது டவுன் கடையின் கண்ணாடி அலமாரியில், பத்து மணி வெயில் நேரே விழுகிற இடத்தில், மூன்று மாதம் நிற்கும். பென்சீனுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் நாமே வரிசையாக வைத்துக் கொடுக்கிறோம். நான் என்றால் நெல்லிக்கும் தேசிக்காய்க்கும் பென்சோயேற் போடமாட்டேன், சட்டம் விட்டாலும் போடமாட்டேன்.

சட்டம் என்றால் நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். அதன் கீழ் நற்காப்புப் பொருட்களுக்கு, லேபிளுக்கு என்று தனித்தனி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வரும், உணவு ஆலோசனைக் குழு அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும். களத்தில் அதைப் பார்ப்பவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பி.எச்.ஐ. அவர் வந்து மாதிரி எடுத்து அரச பகுப்பாய்வாளருக்கோ அங்கீகாரமுள்ள வேறு ஆய்வுகூடத்துக்கோ அனுப்பலாம், பிழை என்றால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். பென்சோயேற் தடைசெய்த பொருள் இல்லை, ஆகவே போட்டதற்காகப் பிடிக்கமாட்டார். அனுமதிக்காத உணவில் போட்டால், அளவு தாண்டினால், போட்டுவிட்டு லேபிளில் சொல்லாமல் விட்டால் பிடிப்பார். நான் பார்த்தவரையில் சின்ன ஆட்கள் மாட்டுவது கடைசிக் காரணத்தில்தான், அதுவும் "இரசாயனம் எதுவும் சேர்க்கப்படவில்லை" என்று பெரிய எழுத்தில் அடித்துவிட்டு. யாரோ லேபிள் அடிக்கிற கடையில் இருந்த பழைய டிசைனை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அடிப்பதற்கு முன் ஒருதரம் உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் லேபிள் மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், பயந்து ஒளிப்பதைவிட அது லேசு. கோர்டியலுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தரம் ஒன்றும் இருக்கிறது, பழச்சாறு எவ்வளவு இருக்கவேண்டும் என்பது உட்பட அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூடியூபில் இந்தியச் செய்முறையைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள், அங்கே சட்டம் வேறு.

இனி உங்கள் மூன்று சாமானுக்கும். விளாம்பழ ஜாமுக்குப் பொடி தேவையே இல்லை. சீனி நூற்றுக்கு 65க்கு மேல் போய், 105 பாகை வரை கொதித்து, சூட்டோடு போத்தலில் அடைத்தது, அதற்குள் ஈஸ்ட்டுக்குக் குடிக்கத் தண்ணீரே மிஞ்சாது. தேசிக்காய் ஊறுகாயும் அப்படித்தான், உப்பும் புளிப்பும் வெயிலும் பார்த்துக்கொள்ளும், உங்கள் அம்மம்மா எந்தப் பொடியும் போட்டிருக்கமாட்டார். இரண்டும் இதுவரை பழுதாகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் ஏன் போடப்போகிறீர்கள்?

மிச்சம் கோர்டியல். எனக்கென்னவோ உங்கள் பிரச்சினை போத்தலில் என்று படுகிறது. கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பிறகு ஊற்றுகிறீர்கள், இல்லையா? ஆறுகிற அந்த இரண்டு மணித்தியாலத்தில் அடுப்படிக் காற்றில் உள்ள ஈஸ்ட்டெல்லாம் சட்டிக்குள் குடிவந்துவிடும். 85 பாகையில் இருக்கும்போதே ஊற்றி, மூடி, போத்தலை மூன்று நிமிடம் சரித்து வையுங்கள், மூடியின் உள்பக்கமும் வெந்துவிடும். கண்ணாடிப் போத்தல்தான் தாங்கும், பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல் இந்தச் சூட்டில் சுருண்டுவிடும். கண்ணாடியையும் முதலில் சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள், குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் அடி கழன்று காலில் விழும். அலுமினியமும் செம்பும் வேண்டாம், எவர்சில்வர்ச் சட்டி எடுங்கள். திறந்த பிறகு வாடிக்கையாளர் வீட்டில் நிற்கவேண்டும் என்றால் பொற்றாசியம் சோர்பேற், இலக்கம் 202, போடலாம். விலை கூட, ஆனால் வைற்றமின் சியோடு சேர்ந்து பென்சீன் தராது. அதற்கும் வரம்பு உண்டு, அதையும் லேபிளில் போடவேண்டும், அதையும் நிறுத்துத்தான் போடவேண்டும்.

பிறகு எப்போதாவது மாம்பழத்துக்கோ வேறு பழத்துக்கோ பென்சோயேற் போடுகிறீர்கள் என்றால் ஒரு விடயம். உணவுத் தரம் என்று எழுதிச் சீல் வைத்த பக்கெற்றாக வாங்குங்கள், துருப்பிடிக்காமல் இருக்க இயந்திரத் தண்ணீரில் விடுகிற தரத்திலும் இதே பொடி விற்கிறது, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அடுத்தது, பொடியைக் கொஞ்சம் சுடுதண்ணீரில் முழுதாகக் கரைத்து, சித்திரிக் அமிலம் போடுமுன்னரே சாறில் விட்டுக் கலக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். புளிப்புக் கூடிய சாறில் பொடியை நேரே கொட்டினேன், அது பட்ட இடத்திலேயே பென்சோயிக் அமிலமாகி, கரையமுடியாமல் வெள்ளைச் செதிலாக மேலே மிதந்தது. மேற்பார்வையாளர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "பூஞ்சணமா?" என்று கேட்டார். பூஞ்சணம் வராமலிருக்கப் போட்ட மருந்து சேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானூறு லீட்டர் அன்றைக்குக் கானில் போனது.

அடுத்த தடவை கோர்டியல் காய்ச்சும்போது பி.எச். தாளை நனைத்து என்ன இலக்கம் வந்தது, ஒரு லீட்டருக்கு எவ்வளவு சீனி போட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள், மிச்சக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். கடைக்காரரிடம் போத்தலை அந்தக் கண்ணாடிப் பக்கத்தில் இருந்து எடுத்து உள்தட்டில் வைக்கச் சொல்லுங்கள், அதற்கு என் கணக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.